அப்பாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று

குஜிலியம்பாறையிலிருந்து நானும் அம்மாவும் திண்டுக்கல்லுக்குக் குடிவந்தபோது வீட்டுச் சாமான்களை இரண்டாகப் பிரித்தோம். தலையணையில் ஒரு பங்கு, பாத்திரத்தில் ஒரு பங்கு. மாதா படம் எங்களுக்கு, இருதய ஆண்டவர் படம் அப்பாவுக்கு. எல்லாம் பிரித்து முடித்த பிறகு, பின்பக்கச் சாய்ப்பில் தொங்கிய மரப்பெட்டியில் இரண்டு புறாக்கள் மிச்சமிருந்தன. அவற்றைப் பிரித்தது நான்தான். அப்பாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. இதைவிட நியாயமான பங்கு இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. பெரியவர்கள் யாரும் மறுக்கவும் இல்லை.

இன்று என் மகனுக்கு இருமல் மருந்து ஊற்றும்போது, அளவு சரிதானா என்று மூடியை வெளிச்சத்தில் இரண்டு தடவை பிடித்துப் பார்க்கிறேன். ஊற்றிய பிறகும் பாட்டிலில் எழுதியிருப்பதை மறுபடி படிக்கிறேன். ஒன்பது வயதில் எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருந்தேன்.

அம்மாவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. ஒரு வருஷம் எரியோடு வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்து, ஒருநாள் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். அதன்பிறகுதான் டவுனில் வீடு பார்ப்பது என்று முடிவானது. அப்பா, பெரியப்பாவோடு சேர்ந்து உரக்கடை வைத்திருந்தார். "பொம்பள வேலைக்குப் பின்னாடி ஆம்பள கடைய விட்டுட்டுப் போவானாக்கும்" என்று பெரியப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா மூட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே நாங்கள் இங்கே, அப்பா அங்கே. சனிக்கிழமை ராத்திரி வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

பேகம்பூரில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார பாய் குடும்பம் இருந்தது. அவருக்குத் தோல் பதனிடும் ஷாப் இருந்தது. அவருடைய தம்பியும் அதே ஷாப்பில்தான் வேலை என்று சொல்வார்கள்; ஆனால் நான் பார்த்தவரை அவர் எந்நேரமும் மொட்டைமாடியில் புறாக்களோடுதான் இருந்தார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் மொட்டைமாடி மாமா. அவர் வளர்த்தவை கர்ணம் அடிக்கும் புறாக்கள். உயரத்தில் போய்க் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இறங்கும். எங்கள் சாம்பல் நிறப் புறாவைக் கூடையிலிருந்து தூக்கி, இறக்கையை விசிறிபோல விரித்துப் பார்த்துவிட்டு, "இது கோயில் கோபுரத்துல ஒக்காந்து எச்சம் போடுற சாதியாச்சே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

"இதோட ஜோடி எங்க பாப்பா?"

"அப்பாகிட்ட இருக்கு."

"யாரு பிரிச்சது?"

"நான்தான்."

"வெவரமாத்தான் பிரிச்சிருக்க" என்று சிரித்தவர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், ஜோடி அங்கன இருக்கையில இது எப்படி இங்கன தங்கும்? விட்டீங்கன்னா அடுத்த நிமிஷம் ஊரப் பாத்துப் போயிரும்."

அம்மா ஒரு சேலையை உதறினாள். அது ஏற்கெனவே நன்றாக உதறிய சேலை.

புறா வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. புதுப் புறா வந்தால் ஒரு பக்கத்து இறக்கையின் நீள இறகுகளைச் சேர்த்து நூலால் கட்டிவிடுவார்கள். அது நடக்கும், படியேறும். பறக்க மட்டும் முடியாது. அங்கேயே தீனி தின்று, அந்தக் காற்றையும் கூரைகளையும் பார்த்துப் பழகும். ஜோடி சேர்ந்து முட்டை வைத்துவிட்டால் நூலை அவிழ்ப்பார்கள். அதற்குமேல் விரட்டினாலும் போகாது. மாமா எங்கள் புறாவுக்கும் அப்படியே கட்டிவிட்டார்.

கைப்பிடிச் சுவரோரம் அது எப்போதும் வடக்கே, குஜிலியம்பாறைப் பக்கம் பார்த்து நின்றது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அது பெரும்பாலும் மாமாவின் புறாக்களுடைய தீனித் தட்டைப் பார்த்துத்தான் நின்றது. நான் வைத்த கம்பையும் தின்றது, அவர் வைத்த சோளத்தையும் தின்றது. அது இங்கே பழகிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த மாதம் மழை முந்திக்கொண்டது. விதைப்பு தொடங்கிவிட்டதால் கடையில் கூட்டம், அப்பாவால் வரமுடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவர் வராத அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கீழ்வீட்டுப் பூனை மாடிக்கு வந்தது.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். புறா என் காலடியில் மேய்ந்துகொண்டிருந்தது. பூனை எந்தப் பக்கமிருந்து பாய்ந்தது என்றே தெரியவில்லை. புறா படபடவென்று அடித்துக்கொண்டது; ஒரு பக்கம்தான் விரிந்தது, அதனால் இருந்த இடத்திலேயே சுற்றியது. காய்ந்த துணிகளை எடுக்க வந்த அம்மா கையிலிருந்ததையெல்லாம் பூனை மேல் எறிந்துவிட்டு ஓடிவந்தாள். பூனை வாலிறகுகளைக் கவ்விக்கொண்டு ஓடியது. புறா அம்மாவின் கைக்குள் வந்த பிறகும் அதன் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. நூல் உரசிய இடத்தில் தோல் சிவந்து புண்ணாகியிருந்ததை அப்போதுதான் பார்த்தோம்.

மறுநாள் நாங்கள் பூசை முடிந்து வந்தபோது மாமா கத்தரிக்கோலோடு தயாராக இருந்தார்.

"நூலு இனிமே ஆகாது டீச்சர், புண்ணாயிரும். நீள எறகக் கத்தரிச்சு விட்டுருவோம். வலிக்காது, நகம் வெட்டுற மாதிரிதான். கூண்டுக்குள்ள போட்டுட்டா பூனையும் அண்டாது."

"திரும்ப வளர எம்புட்டு நாளாகும்?" என்று அம்மா கேட்டாள்.

"பழைய எறகு கொட்டிப் புதுசு மொளைக்கணும். மாசக்கணக்காகும். அதுக்குள்ள இங்கனயே வேற ஜோடி சேத்து விட்டுருவோம். நம்மகிட்டதான் இருக்கே. குஞ்சு பொரிச்சிருச்சுன்னா அப்பறம் ஊராவது, ஒறவாவது."

"அது பாட்டுக்கு மறந்துருமா?"

"எடத்த லேசுல மறக்காது. ஜோடிய மறந்துரும், வேற ஒண்ண விட்டோம்னா."

அம்மா புறாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். பூசைக்கு உடுத்திய நல்ல சேலை அழுக்காகும் என்று அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. வெட்டினால் என்ன ஆகும், வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் அவளே கேள்வி கேட்டாள். வெட்டிவிட்டுக் கூண்டு ஒருநாள் திறந்து கிடந்தால்? பூனை வரும். வெட்டாமல் விட்டால்? மலைக்கோட்டைப் பாறையில் வைரிப் பருந்து இருக்கிறதே, அது அடித்துவிட்டால்? வழியில் மழை பிடித்துக்கொண்டால்? மாமா பொறுமை இழந்து கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"வெட்டுங்க மாமா" என்றேன் நான்.

"உன்னைய யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்கு நகம் வெட்டுறேல்லம்மா. எனக்கு வலிக்குதுன்னா விடுறியா?"

"பாப்பா பாயிண்டாப் பேசுது டீச்சர்" என்றார் மாமா.

என் கட்சி பலமாக இருந்தது. அது போய்விட்டால் எனக்கென்று இந்த ஊரில் எதுவும் இல்லை. பள்ளியில் இன்னும் யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை. வெட்டினால் அது இருக்கும், இருந்தால் எனக்குப் போதும். கணக்கு அவ்வளவுதான்.

அம்மா என்னைப் பார்த்தாள், புறாவைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம், "வேற ஜோடியெல்லாம் வேணாம்ங்க" என்றாள். குரல் பள்ளியில் பேசுகிற குரலாக இருந்தது. "நூல அவுத்து விட்டுருங்க."

"போயிரும் டீச்சர்."

"போகட்டும். போனா இவ அப்பா வீட்டுக்குத்தான போகும்."

நான் அழுதேன். மாடி முழுக்கக் கேட்கும்படி அழுதேன். "நீ எனக்குக் குடுத்தத நீயே எடுக்குற" என்று சொன்னேன். மாமா புண்ணில் மஞ்சள் குழைத்துத் தடவி, நூலை அறுத்து, புறாவைத் தொட்டி மேல் வைத்தார். "பாருங்க, ஒரே நிமிஷந்தான்" என்று கைகட்டி நின்றார்.

புறா போகவில்லை. இறகைக் கோதிக்கொண்டது. தொட்டி விளிம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சோம்பேறிப் புறா" என்று சாப்பிடப் போய்விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றியோடு அம்மாவைப் பார்த்தேன். நான் சொன்னபடி அது பழகித்தான் விட்டது என்று அவளிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது எழும்பியது. வால் இல்லாததால் முதலில் தடுமாறியது. கூரைகளுக்கு மேலே ஒரு வட்டம், மலைக்கோட்டைப் பக்கமாக ஒரு பெரிய வட்டம். பிறகு வடக்கே ஒரே நேராகப் போயிற்று. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனை போன் பூத்துக்குப் போனாள். கடைக்குப் போன் போட்டால் பெரியப்பாதான் எடுப்பார் என்பதால் அம்மா அங்கே பேசுவதே இல்லை. அன்று அவர் எடுத்தும் வைக்காமல், "அவுகள வரச் சொல்லுங்க" என்றாள். அப்பா வந்தார் போலிருக்கிறது.

"புறா வந்துச்சா?... நாந்தான் அவுக்கச் சொன்னேன்... இல்ல, வெட்டலாம்னாக... வேற ஜோடி சேத்து விட்டா மறந்துருமாம்." பூத்தின் மீட்டரில் காசு ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மனசு கேக்கல, அதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

புறா வரவில்லை என்று அவள் சொல்லாமலே தெரிந்தது. அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றச் சொன்னேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் வேலை.

"காணாமப் போனாத்தான் ஏத்தணும். இது காணாமப் போகல, வீட்டுக்குப் போயிருக்கு" என்றாள் அம்மா. ஆனால் ஜெபமாலை சொல்லி முடித்ததும் அவளாகவே எழுந்து ஒன்றை ஏற்றி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை. அம்மா பள்ளிக்குச் சேலை கட்டி, டிபன் பாக்ஸில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா நின்றார். ஒரு கையில் மூடிய கூடை. இன்னொரு கையில் பெரிய பை. கூடையை நான் பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தேன். வாலில்லாத எங்கள் புறாவும், அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் கழுத்துள்ள அப்பாவின் புறாவும்.

"பொழுது சாயுற நேரத்துல வந்துச்சு ஆத்தா. நேரா பெட்டிக்குள்ள போய் அது பக்கத்துல ஒக்காந்துருச்சு" என்றார் அப்பா.

மொட்டைமாடி மாமா வந்து எட்டிப் பார்த்தார். "வந்து சேந்துருச்சா. அட, கெட்டிக்காரக் கழுத. ஒரு போன் அடிச்சுச் சொல்லிருக்கலாம்ல, இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வாரீங்களே."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"கடை?" என்றாள் அம்மா.

"அண்ணன்ட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீக?"

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். நாகல் நகர் வெதைக் கடையில ஆள் வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தாக."

இந்தப் பேச்சு எனக்குச் சலிப்பாக இருந்தது. இரண்டு புறாவுக்கும் பெட்டி வைக்க இடம் தேட வேண்டும். அதைப் பற்றி இவர்கள் நினைக்கவே இல்லை. அப்பா பையை வாசலுக்கு நேராகப் போட்டிருந்தார். நான் இழுத்து ஓரமாகத் தள்ளினேன். அசையவில்லை, அவ்வளவு கனம். வாய் திறந்துகொண்டு உள்ளேயிருந்து அவருடைய சவரப் பெட்டியும், மடித்த வேட்டிகளும், எங்கள் பழைய வீட்டின் இருதய ஆண்டவர் படமும் தெரிந்தன. "ஒரு நாளுக்கு இம்புட்டுச் சாமானாப்பா?" என்று கேட்டேன். அம்மா டிபன் பாக்ஸை மூடாமல் அப்படியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நேற்று புறா போனதற்கு இன்றைக்கு ஏன் அழுகிறாள், அதுதான் வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று அம்மா பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொன்னாள். காய்ச்சல் வந்தபோதுகூட அவள் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. என்னை மட்டும் கிளப்பி அனுப்பினார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், இதுவரை என்னோடு பேசாத பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்: எங்கள் புறாவுக்காக எங்கள் அப்பா கடையையே விட்டுவிட்டு வந்திருக்கிறார், எங்கள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. அதிலிருந்து பல நாட்கள் எங்கள் வகுப்பில் அதுதான் பேச்சு. ஒரு புறாவுக்காகவா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.