மூன்றரை சென்டிமீட்டர்

17-11-2024, ஞாயிறு. இன்று ஒரு தவறு செய்தேன். ஏரியல் கம்பியை 49 சென்டிமீட்டர் என்று நினைத்து 45.5-இல் வெட்டிவிட்டேன். டேப்பின் முனை உடைந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

நேற்று இரவு, துண்டுக் குறிப்புகள் தவிர, நோட்டில் எழுதியது இவ்வளவுதான். மீதியை எழுதக் கை வரவில்லை. இன்று திங்கள், எழுதுகிறேன். எல்லாம் நடந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. நேரங்கள் அந்தந்த நிமிடத்தில் குறித்தவை. நம்புங்கள் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. நேற்றிலிருந்து நானே என்னைப் பலமுறை சந்தேகப்பட்டுவிட்டேன்.

என் பெயர் அஜிஷா. தக்கலையில் நகல் எடுக்கும் கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு முதல் ஏழரை வரை அமெச்சூர் ரேடியோ வகுப்பு. நாமே ஏரியல் கட்டி, எங்கோ இருப்பவர்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவது. டிசம்பரில் பரீட்சை. லைசன்ஸ் வரும்வரை செட்டைக் கேட்கலாம், பேசும் பட்டனை அழுத்தக் கூடாது. வகுப்பின் முதல் விதி அது.

எங்கள் வீடு கடற்கரையில் இருக்கிறது. நான் கட்டிய முதல் ஏரியல் பதினெட்டே நாளில் பச்சை பூத்துவிட்டது. மூட்டுக்குள் மழை இறங்கி, உப்புக்காற்று மிச்சத்தையும் தின்றுவிட்டது. அதை வகுப்புக்குக் கொண்டுபோனபோது கூடப் படிக்கும் பெனிஷ் முகர்ந்து பார்த்தான்.

"ஏட்டி, இது ஏரியலா, நெத்திலிக் கருவாடா?"

இரண்டாவது ஏரியலுக்குக் கம்பி வெட்டத்தான் அந்த டேப்பை எடுத்தேன். அது என் அண்ணன் டிஜோவுடையது. அவன் பெட்டியை ஆறு வருடமாக யாரும் திறக்கவில்லை.

2018 நவம்பரில் அவனும் அவன் கூட்டாளி ஷிபுவும் கொண்டுபோன வள்ளம் திரும்பவில்லை. வள்ளத்தின் ஒரு துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. அரசாங்கக் காகிதத்தில் அண்ணன் இன்னும் 'காணவில்லை'தான்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு சின்ன வயர்லெஸ் செட் இருந்தது. கடலில் இருக்கும் ஆள் வீட்டைக் கூப்பிடுவதற்காக. எங்களுக்கென்று ஒரு சேனல். அண்ணன் மைக்கை விரலால் மூன்று தட்டு தட்டுவான். பிறகு, "வீடு, வீடு, டிஜோ" என்பான். "வீடு கேக்குது" என்று உடனே பதில் சொல்ல வேண்டும். ஆள் கடலில் இருந்தால் வீட்டில் ஒருவர் செட்டுப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அன்று இருந்தது நான்.

எனக்குப் பதினேழு வயது. மறுநாள் இயற்பியல் பரீட்சை. செட் இரைந்துகொண்டே இருந்தது. 7.40-க்குச் சத்தத்தைக் குறைத்தேன். முழுவதுமாக. பிறகு அதை மறந்தே போனேன். எட்டரை வாக்கில் அம்மாவின் காலடி கேட்டது. அவசரமாகக் குமிழைத் திருகினேன். வெறும் இரைச்சல்.

"கூப்பிட்டானா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இத்தனை நாள் இருக்கிறாள். துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் சொன்னாள்: "கப்பல் இடிச்சிருக்கும். ஒரே இடி. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இல்லாட்டா எனக்கப் பிள்ள வீட்டக் கூப்பிடாம இருப்பானா?" இன்றும் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

இனி நேற்று நடந்தது.

மாலை 5.20. மொட்டைமாடி. பிவிசி குழாயின் உச்சியில் ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கும். நான்கு கம்பிகள் குடைபோலச் சரிந்து இறங்கும். ஐந்தும் ஒரே நீளம். மூட்டில் ரப்பர் டேப் சுற்றி, மேலே எம்-சீல் அப்பினேன். இந்தக் காற்றுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி, வகுப்பில் கேட்டுப் பழகக் கொடுத்திருந்த கைச் செட்டில் மாட்டினேன்.

6.50. அம்மா, தெரு வீடுகள் சேர்ந்து நடத்தும் அன்பிய ஜெபத்துக்குக் கிளம்பினாள். "கதவப் பூட்டிக்கோ மக்களே." பூட்டினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

7.12. ஏரியல் சரியா என்று பார்க்க, கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி மீட்டரில் மாட்டினேன். ஏரியல் எந்த அலைக்குப் பொருந்துகிறதோ, அந்த எண்ணில் மீட்டரின் கோடு பள்ளமாக விழும். எனக்கு 145-இல் விழ வேண்டும். விழுந்தது 156.6-இல்.

மறுபடி அளந்தேன். 156.6.

மூன்றாவது முறையும் அதே எண்.

அப்போதுதான் டேப்பை எடுத்துப் பார்த்தேன். முனையில் மூன்றரை சென்டிமீட்டர் இல்லை. அண்ணன் அதைக் கூட்டித்தான் அளப்பான். எனக்கும் தெரிந்த விஷயம்தான். கம்பி குட்டையானதால் எண் ஏறிவிட்டது. காரணம் கிடைத்ததும் நிம்மதியாக இருந்தது.

பிறகு அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தேன்.

156.6... எங்கள் வீட்டுச் சேனல்.

7.38. செட்டில் அந்த எண்ணைப் போட்டேன். இரைச்சல் வந்தது. அதே பழைய இரைச்சல்.

7.40. இரைச்சல் சட்டென்று நின்றது.

டக்... டக்... டக்.

'வேறு வள்ளமாக இருக்கலாம்' என்று நோட்டில் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிருக்கிறது.

"வீடு... வீடு... டிஜோ."

அண்ணன் குரல்தான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆறு வருடத்தில் ஒரு குரல் மறந்துபோகலாம். ஆனால் 'வீடு' என்பதை அப்படி இழுக்க வேறு யாருக்கும் தெரியாது.

"எஞ்சின் நின்னுபோச்சு. தண்ணி ஏறுது. வீடு கேக்குதா?"

பட்டன் மேல் என் கட்டைவிரல் இருந்தது. 'வீடு கேக்குது.' இரண்டே சொல். எனக்கு லைசன்ஸ் இல்லையே என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

7.49. "தண்ணி முட்டுக்கு மேல... ஷிபுவக் காணல... கேக்குதா?"

7.58. பேச்சு இல்லை. பல் கிடுகிடுக்கும் சத்தம் மட்டும். பிறகு, மெதுவாக... டக்... டக்...

மூன்றாவது தட்டு வரவில்லை.

8.06.

"ஏட்டி."

என்னை வீட்டில் அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

"நீ அங்கதான் இருக்கன்னு தெரியும்..."

என் கை குமிழுக்குப் போனது.

"ஏட்டி... சத்தத்தக் குறைக்காத..."

குறைத்தேன்.

முழுவதுமாக.

8.15. கதவு தட்டும் சத்தம். அம்மா. தாழ்ப்பாளை நீக்கினேன். அம்மா உள்ளே வந்து அடுக்களையை எட்டிப் பார்த்தாள். பின்வாசலைப் பார்த்தாள்.

"ஆரு மக்களே வந்தது?"

"ஆரும் இல்லியே."

"வாசல்ல நிக்கும்போ ஆம்பள பேசுற சத்தம் கேட்டுதே. இப்பம்தான்."

"செட்டும்மா."

நான் சத்தத்தைக் குறைத்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அம்மா மேசையைப் பார்த்தாள். அந்தப் பழைய செட் இருந்த அதே மேசை. தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆராவது கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

இரண்டாவது முறை.

8.40. சாமான்களை எடுத்துவைக்கப் போனேன். செட்டின் தலை மொட்டையாக இருந்தது. கேபிள் மீட்டரிலேயே இருந்தது. 7.12-க்கு மாட்டியது. திரும்பச் செட்டில் மாட்டவே இல்லை. அந்த ஏரியல் வழியாக நான் எதையுமே கேட்டிருக்க முடியாது.

இன்று வகுப்பில் வெட்டிய கம்பியைக் காட்டினேன். பெனிஷ் தன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தான்.

"மூணரை சென்டிமீட்டரா! ஏட்டி, உனக்கு ஜாக்கெட் தைக்கிறவகூட இத விட நல்லா அளப்பாளே."

"வாயப் பொத்துல."

வகுப்பு எடுப்பவர் ஜாஸ்பின் மிஸ். கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியை. எதையும் போர்டில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டார். அண்ணனைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாடச் சந்தேகம் போலக் கேட்டேன்.

"மிஸ், ஏரியல் மாட்டாத செட்டுல பேச்சு தெளிவாட்டு கேக்குமா?"

"எவ்வளவு தெளிவாட்டு?"

"மூச்சு விடுறது கேக்கும். பல் கிடுகிடுக்கிறது கேக்கும்."

மிஸ் போர்டில் ஏதோ எழுதினார். அழித்தார்.

"அப்படீன்னா பேசுற ஆளு கடல்லயோ மலையிலயோ இல்ல. ரொம்பக் கிட்டத்துல நிக்கணும்."

"எவ்வளவு கிட்ட மிஸ்?"

"அதே ரூமுக்குள்ள."

பெனிஷ் சிரித்தான். மிஸ் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும்போது மணி 8.35. அம்மா பக்கத்து வீட்டு ஓமனா அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரே இடி ஓமனா. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." ஓமனா அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இதை எழுதும் அறையில்தான் அந்த மேசை இருக்கிறது. செட்டில் பேட்டரி இல்லை. கழற்றி வைத்திருக்கிறேன். கேபிளும் மாட்டவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன்.

நாளை, 19-11-2024, செவ்வாய். டேப்பில் 52.5 வரை அளந்து, ஐந்து கம்பிகளையும் 49 சென்டிமீட்டரில் புதிதாக வெட்ட வேண்டும். கேபிளைச் செட்டில் மாட்ட வேண்டும். அதற்கு முன், காலையில், அம்மா மீன் எடுக்கக் கிளம்புவதற்குள், அண்ணன் கூப்பிட்டான் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.