மெர்வின் ஹெரன் மன்னிப்புக் கேட்ட ஆட்கள்

பெல்ஃபாஸ்டில் மெர்வின் ஹெரன் மன்னிப்புக் கேட்காத ஆள் கிடையாது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்களிடம் கேட்டாயிற்று, அவர்களுடைய பாதிரியாரிடம் கேட்டாயிற்று, ஜப்பானிலிருந்து வந்த டிவிக்காரர்களிடம்கூடக் கேட்டாயிற்று. ஒரு காலத்தில் புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுவில் முகமூடியும் துப்பாக்கியுமாகத் திரிந்த மனுஷன், இன்று கவுன்சிலர், சமாதானத் தூதர். அடேயப்பா, என்ன பவ்வியம்!

சமூகக் கூடத்தில் தேநீர் ஊற்றும் ஏவ்ரிலுக்கு அந்தப் பவ்வியத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தப்பு செய்த சொந்தத் தெருப் பையன்களை முட்டியில் சுட்டுத் தண்டித்ததும் இதே மெர்வின்தானே! அவள் மகன் க்ளென் பதினேழு வயதில் ஒரு கார் திருடினான். "நீயே கூட்டிட்டு வந்தா ஒரு முட்டியோட போச்சு. நாங்க தேடி வந்தா ரெண்டும்" என்றான் மெர்வின். பல் டாக்டரிடம் கூட்டிப்போவதுபோல அவளே நாலரை மணிக்குக் கார் கொட்டகைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டாள். பெற்றவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போனவன், இருபத்தாறு வருஷமாகப் பேசவில்லை. அவள் சொன்ன காரணத்தை அவன் நம்பவே இல்லை.

"நீ ஒரு போன் போட்டு உண்மையச் சொல்லேன், மெர்வின்" என்று போன வாரமும் கேட்டாள்.

"அது நம்ம ஆளுங்களுக்குள்ள விஷயம், ஏவ்ரில். சமாதானம்லாம் அந்தப் பக்கத்தோட. எலெக்‌ஷன் முடியட்டும், பாப்போம்."

முதுகெலும்பில்லாத பயல்.

இன்று வெளிநாட்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். வழக்கம்போல ஒரு பெண்ணின் போனை எதிரே நிறுத்திப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "நான் காயப்படுத்தின எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

ஏவ்ரில் தேநீர்க் கூஜாவை ணங்கென்று வைத்தாள். "க்ளென்கிட்ட?"

மெர்வின் இளித்தான். "இவங்க பையனப் பத்திக் கேக்கறாங்க. அவன இவங்களேதான் கூட்டிட்டு வந்து விட்டாங்க, பாவம்."

"ஏன் விட்டேன்? அதையும் சொல்லு!"

"ஏனா? கூட்டிட்டு வரலன்னா ரெண்டு முட்டியும் போயிரும்னு நான்தான் சொன்னேனே! ஒரு கால் மிச்சம் பண்ணிக் குடுத்தேன், அதுக்கு நீ எனக்கு நன்றி சொல்லணும்!"

மெர்வின் போனைப் பார்த்தான், முகம் வெளுத்தது.

"பதிவாச்சா, கண்ணு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள் ஏவ்ரில். மருமகள் ரகசியமாகத் தந்த நம்பர் அவள் கைப்பையில் இருந்தது. "இதுக்கு அனுப்பு. என் பையன்."

ஐந்து நிமிஷம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பதில் வந்தது. பெண் வாசித்துக் காட்டினாள்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"