செல்வியின் கப்பி வீடியோ

மைசூரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பாடத்தைப் பிள்ளைகளே வீடியோ எடுத்து விளக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னேன். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் செல்வி, அவள் பெற்றோர் வேலை செய்து அங்கேயே தங்கியும் இருந்த, பாதி கட்டிய கட்டடத்தில் எடுத்தாள். கப்பியில் கயிற்றை இழுத்து மணல் வாளியை மேலேற்றிக்கொண்டே, "பாரம் குறையாதுங்க, இழுக்கற திசைதான் மாறும்" என்று விளக்கியிருந்தாள். நானே அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

"பேரன்ட்ஸ் குரூப்ல போடப்போறேன்" என்றேன்.

"வேண்டாங்க மிஸ். மேஸ்திரி திட்டுவாரு."

"எல்லாரும் பாராட்டுவாங்க, பயப்படாதே" என்று சொல்லிப் போட்டுவிட்டேன்.

வீடியோ கைமாறிக் கட்டட முதலாளிக்குப் போனது. சின்னப் பிள்ளையை வேலை வாங்குவதாகக் கேஸ் வருமோ என்று பயந்த அவர், அன்றைக்கே குடும்பத்தை வெளியேற்றிவிட்டார்.

டி.சி. வாங்க செல்வியோடு வந்த அவள் அம்மாவிடம், "நான் வேணா முதலாளிகிட்ட பேசிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"நீங்க இன்னும் ஒண்ணும் செய்யாதீங்க மிஸ்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

செல்வி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எங்கே போனார்களோ, இன்றுவரை தெரியவில்லை.

குரூப்பில் அந்த வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள் இருக்கின்றன. முதல் கைதட்டல் என்னுடையது.