நாலரை மணி நேரம் எரிந்ததாக நான் எழுதிய மெழுகுவர்த்தி

மதி போய்விட்டாளாம்.

காலையில் அவள் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா தவறிட்டா. நெஞ்சு வலிக்குன்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அதற்குமேல் பேசியதில் ஒன்றைத் தவிர எதுவும் நினைவில்லை. போனை வைத்த பிறகும் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

முழுப் பெயர் காந்திமதி. தொண்ணூறுகளில் பேட்டையில் ஒரே வளவில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தோம். இங்கே இருக்கும் யாருக்கும் அவளைத் தெரியாது. அவள் முகநூல் பக்கமே வந்ததில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து அவள் வீட்டு அடுப்படியில் மெழுகுவர்த்தி செய்தோம். கரண்ட் போகாத நாளே கிடையாது என்பதால், செய்தால் விற்கும் என்ற தைரியம்தான்.

இப்போது எல்லோரும் சொல்கிற சோயா மெழுகு, வாசனை எண்ணெய் எல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. பாளம் பாளமாக வரும் பாரபின் மெழுகு, அலுமினிய அச்சு, நூல் திரி. வெந்நீர்ப் பானைக்குள் ஒரு சட்டியை வைத்து உருக்குவோம். "பைய ஊத்துட்டி மீனா, உள்ள காத்து நின்னா ஓட்டை விழுந்துரும்" என்பாள்.

செய்வதைவிட எரித்துப் பார்ப்பதில்தான் அவளுக்கு ஆசை. அச்சில் ஊற்றி எடுக்கும் ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, முழுசாக எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே அலாரம் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் ஒரு நோட்டில் ஏறும்.

ஒருநாள் ஃபேனைச் சுழலவிட்டு அதற்குக் கீழே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னளா செய்யுத என்றேன். "சர்ச்சுல சப்பரம் வரும்போது காத்தடிக்கும்லா. அங்கன அணைஞ்சு போச்சுன்னா நம்மளத்தான் சொல்லுவாக" என்றாள்.

இன்னொரு நாள் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் பத்து மெழுகுவர்த்திகளை நிறுத்திவைத்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் பத்தும் குனிந்து நிற்கின்றன. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எனக்கு. அவளும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

பிறகு அந்தத் திருவிழா...

பக்கத்துத் தெரு சர்ச்சிலிருந்து சப்பரத்துக்கு மெழுகுவர்த்தி கேட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆர்டர் அதுதான். கடைசி ஈடு ஊற்றிய மறுநாள் மதி ராதாபுரத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது, அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. "ஒண்ண எரிச்சுப் பாத்து எழுதி வச்சிருட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எரித்துப் பார்க்கவில்லை.

அன்று எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. அசதி. இத்தனை ஈடு நன்றாக வந்ததே, இது மட்டும் என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. நோட்டில் எழுதினேன்: நன்றாக எரிந்தது, நாலரை மணி நேரம்.

சப்பரத்தில் எங்கள் மெழுகுவர்த்திகள் சில சடசடவென்று வெடித்தன. ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் கண்ணில் சூடான மெழுகு தெறித்துவிட்டது.

மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய மதி, மிச்சம் இருந்ததில் ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்தாள். திரியில் ஈரம். முந்தின வாரம் மழை பெய்தபோது நூல் கண்டு ஜன்னலோரம் இருந்திருக்கிறது. அதை அங்கே வைத்தது நானா, அவளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நோட்டை விரித்து என் எழுத்தைப் பார்த்தாள். "நீ எரிச்சுப் பாத்தல்லா?"

"பாத்தேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். நோட்டை மூடி வைத்தாள்.

சாயங்காலம் இரண்டு பேருமாகப் பிள்ளை வீட்டுக்குப் போனோம். நான் வாய் திறப்பதற்குள் மதி அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள்: "எக்கா, தப்பு எம்மேலதான். கடைசி ஈட்டை நான் எரிச்சுப் பாக்காம கொடுத்துட்டேன்."

அந்த அம்மா ஏசிய ஏச்சையெல்லாம் அவள்தான் நின்று வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல அந்தப் பிள்ளையைப் பாளையங்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இமையில் ஒரு தழும்பு மட்டும். அச்சை மதி பரணில் ஏற்றிவிட்டாள், பிறகு நாங்கள் மெழுகு உருக்கவே இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். நான் சொன்னதை நம்பியிருந்தால், எரித்துப் பார்க்கவில்லை என்று ஏன் அங்கே சொன்னாள்? நம்பவில்லை என்றால், மறுநாள் காலையில் எப்போதும்போலக் காப்பித்தூள் கேட்டு என் வீட்டுக்கு எப்படி வந்தாள்?

மதி வீட்டார் திசையன்விளைக்குக் குடிபோன பிறகு ஒருமுறை போனில் ஆரம்பித்தேன். "மதி, அன்னைக்கு அந்தக் கடைசி ஈடு இருக்குல்லா..."

"ஏட்டி, அடுப்புல பால் வச்சிருக்கேன், பெறகு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த முறை பேசும்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினாள். நிஜமாகவே பால் இருந்ததோ என்னவோ...

இன்று காலை மகள் அழுகைக்கு நடுவில் ஒன்று சொன்னாள். "அம்மா அடிக்கடி சொல்லுவா சித்தி. மீனா ஒண்ண எழுதி வச்சான்னா அப்படியே நம்பலாம்னு."

இதை எப்படி எடுத்துக்கொள்வது? நிஜமாகச் சொன்னாளா? எந்தக் குரலில் சொன்னாள்? மகளிடம் கேட்க முடியுமா இதை?

திசையன்விளை பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாங்குநேரி தாண்டிவிட்டது. அங்கே போனதும் யாராவது கேட்பார்கள், நீங்க அவளுக்கு என்ன வேணும் என்று. என்ன சொல்ல என்று இன்னும் தெரியவில்லை.

அந்தத் திரி ஈரமா இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது மதி. ஆனா நான் எரிச்சுப் பாக்கல.

போயிட்டு வா, ஏளா.