கனகாம்பரத்துக்குக் காவல்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் மேற்குப் பார்த்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வாசலில் நின்றால் உச்சந்தலை வெந்துவிடும். கதவுக்கும் கம்பி வேலிக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு செம்மண் துண்டு. அப்பாவின் மானம் முழுவதும் அந்த மண்ணில்தான் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் ஸ்டோர் கிளார்க். குவார்ட்டர்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை தோட்டப் போட்டி நடக்கும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மனைவியோடு வந்து வாசல் வாசலாகப் பார்த்துவிட்டுப் போவார். எந்த மாதம் என்று சொல்வார்கள், எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். பரிசு ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை. அதை இரண்டு ஆண்டுகளாக எதிர்வீட்டு மலையாளத்துக்காரர் வாங்கி, எங்கள் வீட்டிலிருந்து தெரிகிற மாதிரி சன்னலில் வைத்திருந்தார். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார் என்பது அப்பாவின் தீர்ப்பு. அப்பா குளிர்ந்த கேமரன் மலையிலிருந்து வரவழைத்த ரோஜாக்கள் பதினைந்தே நாளில் கருகிப்போனபோது அந்த மனிதர் வேலியருகே நின்று சிரித்தாராம். அதோடு இரண்டு ஆண்களுக்கும் பேச்சு நின்றது.

பெண்களுக்கு நிற்கவில்லை. எதிர்வீட்டு அம்மாளை என் அம்மா சேச்சி என்று கூப்பிடுவாள். மலையாளத்தில் அக்கா என்று பொருள். பேச்சு நின்ற வீட்டுக்குப் போய்வர அம்மாவால் முடியாது. ஆனால் சாமிக்குப் பூப் பறிப்பதை யார் தடுப்பது? அப்பா குளிக்கப் போனதும் அம்மா தட்டோடு வாசலுக்கு வருவாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் சேச்சியும் வருவாள். கால் மணி நேரம், சில நாள் அதற்கும் மேல், இரண்டு பேரும் பேசுவார்கள். பறித்த பூவில் ஒரு கைப்பிடியை அம்மா வேலிக்கு மேலே நீட்டுவாள். அம்மாவுக்குச் சிங்கப்பூரில் சொந்தமென்று வேறு யாரும் கிடையாது. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த வேலியோரத்தில்தான்.

மூன்றாவது ஆண்டு அப்பா ஒரு தீர்மானத்துக்கு வந்தார். அதிகாரி எந்த நாளில் வந்தாலும் பூ இருக்க வேண்டும். எந்த வெயிலிலும் செடி நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தாம்சன் ரோட்டு நர்சரிக்கு அழைத்துப்போய், பெண் பார்க்கப் போனவர் மாதிரி ஒவ்வொரு செடிக்கும் குறை கண்டுபிடித்தார். நர்சரி முதலாளியான சீனத் தவுக்கே காகிதப்பூவைக் காட்டினார். வெயில் காய்ந்தால் கொட்டிப் பூக்கும், இரண்டு வாரம் மழை பிடித்தால் வெறும் இலைதான் என்று அப்பா தள்ளினார். மல்லிகை பத்து நாள் பூத்துவிட்டு ஒரு மாதம் தூங்கும் என்றார். அரளி எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் அதில் விஷம், எதையும் வாயில் போடுகிற பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று அதுவும் போயிற்று. அந்தப் பிள்ளை நான். எனக்கு அப்போது எட்டு வயது, வாயில் போடுகிற பழக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

கடைசியில் நான்கு இட்லிப்பூச் செடி, இரண்டு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, வேலியோரமாக ஒரு வரிசை கனகாம்பரம். இவ்வளவு சின்னச் செடியா என்று அப்பா இழுத்தார். தண்ணீர் மட்டும் தவறாமல் விட்டால் ஆண்டு முழுக்கப் பூக்கும் என்று தவுக்கே சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் பிடித்துக்கொண்டன. ஆறே மாதத்தில் வாசல் சிவப்பும் வெள்ளையும் ஆரஞ்சுமாக ஆகிவிட்டது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். போட்டி மாதம் பிறந்ததும் அப்பா சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்:

"இனிமே ஒரு பூவையும் தொடாதே. ஒரு மாசம் பொறுத்துக்கோ. அதுக்கப்புறம் செடியோட பிடுங்கி வச்சுக்கிட்டாலும் கேக்க மாட்டேன்."

அப்பா கொடுமைக்காரர் இல்லை. சாமி பட்டினி கிடக்கக் கூடாதென்று சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் வாழையிலைப் பொட்டலத்தில் பூச்சரம் வாங்கிவந்தார். பூதானே வேண்டும், அதுதான் வந்துவிட்டதே என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா பொட்டலத்தை வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்தாள். வாசலுக்கு வருவதற்கு அவளுக்கு இனிக் காரணம் இல்லை.

என்னைக் காவல் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஆடு, யாராக இருந்தாலும் விடாதே என்று அப்பா சொன்னார். அந்தப் பட்டியலில் அம்மா இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. பதவி கிடைத்தவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

இரண்டாவது வாரத்தில் எதிர்வீட்டுக்காரருக்கு வேலை முடிந்துவிட்டது, குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்கே போகிறார் என்ற செய்தி வந்தது. போட்டியில் ஓர் ஆள் குறைந்ததில் அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அதை மறைக்க அன்று இரண்டு தடவை செய்தித்தாள் படித்தார்.

அவர்கள் புறப்பட்ட காலையில் அப்பா வேலைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டு வாசலில் டாக்ஸி நின்றது. டிரைவர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா நல்ல சேலை கட்டி, தட்டில் குங்குமச் சிமிழோடு வெளியே வந்தாள். ஊருக்குப் போகிற சுமங்கலிக்குக் குங்குமமும் பூவும் கொடுத்து அனுப்ப வேண்டும். சிராங்கூன் ரோட்டுச் சரம் முந்தின நாளே வாடிவிட்டது. அம்மா கனகாம்பரத்தின் முன்னால் குனிந்தாள்.

நான் நடுவில் போய் நின்றேன்.

"பறிக்கக் கூடாது. அப்பா எண்ணி வச்சிருக்காரு."

அப்பா எண்ணியெல்லாம் வைக்கவில்லை. அது நானாகச் சேர்த்தது. அம்மா நீட்டிய கையோடு என்னைப் பார்த்தாள். ஒரு கையால் என்னை ஒதுக்கியிருக்கலாம், ஓர் அறை விட்டிருக்கலாம். "நாலு பூதான், கண்ணு," என்றாள். அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அம்மா நிமிர்ந்து, குங்குமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையைத் தாண்டினாள். நானும் பின்னாலேயே போனேன்.

சேச்சி நெற்றியைக் காட்டிக் குங்குமம் வாங்கிக்கொண்டாள். பூ எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமலே அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. சேச்சி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பூவு செடியிலே இருக்கட்டும். எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு," என்றாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "நல்ல காவல்காரி மோளே நீ," என்றாள். மோளே என்றால் மகளே.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கை கழுவ எழுந்து போனார்.

அதிகாரி மாதக் கடைசியில்தான் வந்தார். அதற்குள் பறிக்காத கனகாம்பரமெல்லாம் காய் பிடித்து, கதிர்கள் பழுப்பேறிச் சடைசடையாக நின்றன. பூவைத் தினமும் எடுத்தால்தான் அடுத்த பூ வரும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. கூட வந்த துரைசாணி வேலியோரம் ஒரு நிமிடம் நின்றாள், போய்விட்டாள். கோப்பை வேறு யாருக்கோ போயிற்று. மறுநாள் காலை அப்பாவே பூத்தட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

எதிர்வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. அம்மா பறிக்கப் போகும்போது என்னையும் கூப்பிட ஆரம்பித்தாள். அதுவரை சாப்பிடு, குளி, படி என்பதைத் தவிர என்னோடு பேசாதவள், வேலியோரம் நின்று முந்தின இரவு கண்ட கனவைச் சொன்னாள். ரவிக்கைக் கை இறுக்கிப் பிடிக்கிறது என்றாள். தன் தங்கையிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை என்றாள். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் ஏன் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு மூன்று நாள் நெளிந்துகொண்டே நின்றேன். நான்காம் நாள், போம்மா, எனக்கு விளையாடணும் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.