கைலாசத்தின் சுண்டுவிரல்

ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் கைலாசத்துக்கு நெல்லையப்பரும் தாமிரபரணியும் ஒன்றுதான். நெல்லையப்பரைப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பார்ப்பார். ஆற்றில் தினமும் முங்குவார். பொதிகை மூலிகை கரைந்து வரும் தண்ணீர் என்பார். அவர் முங்கும் குறுக்குத்துறைக்கு வந்து சேர்வதற்குள் வழியிலிருக்கும் ஊர்களும் தங்களால் ஆனதைக் கரைத்துவிடுவது அவர் கணக்கில் வரவில்லை. அவர் வீட்டுக் கழிவுக்குழாய் வாய்க்காலில் விழுந்தது. வாய்க்கால் ஆற்றில் விழுந்தது. ஆனால் வாய்க்கால் வேறு, ஆறு வேறு.

தை மாதம் கால் அரித்தது. மூலிகை வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் ஊறினார். சர்க்கரை உடம்பு. சொறிந்த இடம் புண்ணாகிச் சுண்டுவிரல் கறுத்தது.

டாக்டர் நித்யா, "சார், இனிமே ஆத்துல கால வைக்காதீங்க. சாக்கடைத் தண்ணி பட்டா விரலையே எடுக்கவேண்டி வரும்" என்றாள்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"மதுரை."

"அதான். தண்ணி ஓடுத ஆத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

வீட்டில் மனைவி கோமு வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். "இன்னிக்கு வெரலு, நாளைக்குக் காலு. அப்புறம் ஒங்கள ஆத்துக்கு ஆரு தூக்கிட்டுப் போவா?"

கைலாசம் சில நாள் யோசித்து அறிவியலுக்கு இறங்கி வந்தார். ஊர்ப்பக்கம் தண்ணீர் கெட்டிருக்கலாம். அப்படியானால் மேலே போய்க் குளிக்கவேண்டியதுதான். கோமுவிடம் சொல்லாமல், ஆறு மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்துக்கு பஸ் ஏறினார்.

படித்துறையில் உட்கார்ந்து காலின் கட்டை அவிழ்த்தார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. இறங்கியதும் எதுவோ காலைச் சுற்றியது. இழுத்தார். சேலை. அதற்கடியில் இன்னொரு சேலை, வேட்டி, கால்சட்டை. பரிகாரம் செய்ய வந்தவர்கள் உடுத்திக் குளித்த துணியோடு பாவத்தையும் ஆற்றில் விட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் அழுகி வழவழத்தது. உதறிய வேகத்தில் புண் வாய் திறந்தது.

"என்ன சனம்வே இது! ஆத்த நாசமாக்குதானுவ!" என்று பக்கத்தில் குளித்தவரிடம் கத்தினார்.

"மாடுகூட இப்பிடிச் செய்யாது அண்ணாச்சி" என்றபடி அவர் தன் வேட்டியைத் தண்ணீரில் விட்டார். "காலுல என்ன, புண்ணா? நீங்களும் ஒண்ண விடுங்க. சீக்கு அதோட போயிரும்லா."

கைலாசம் விரலைப் பார்த்தார். ரத்தம் கசிந்தது. மாற்று வேட்டி பையில் இருந்தது. ஒரு விரலுக்கு ஒரு பழைய வேட்டி அதிகமில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு, ஈர வேட்டியைப் பைய நழுவவிட்டார். அது கொஞ்சம் மிதந்து, கீழ்ப்படியில் மற்றத் துணிகளோடு போய்ப் படிந்தது.

பங்குனியில் விரலை எடுத்தார்கள். வீடு வந்து கட்டிலில் படுத்ததும் கைலாசம் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்:

"பழைய வேட்டி, அதான். புதுசா விட்டிருக்கணும் கோமு."

கோமு வேட்டிகள் இருந்த பீரோவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.