இறுக்கிக் கட்டிய படகு

படகுத்துறையில் அவளுக்கு இறுக்கி என்று பெயர். வைத்தவர் பக்கத்துப் படகுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். அவள் மூடிவைத்த பெயிண்ட் டப்பாவைத் திறக்கப் போய் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்ட மறுநாள் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் பொய்யில்லை. முதியோர் இல்லத்தில் அவள் விரிக்கும் படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. உள்ளே படுத்தவர் புரளவும் முடியாது.

"இப்படிக் கட்டிப்போட்டுட்டுப் போறியேம்மா, நான் என்ன எந்திரிச்சு ஓடவா போறேன்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"ஓட மாட்டீங்க, விழுவீங்க," என்றாள்.

இருபத்தாறு வருஷமாக அந்த வேலை. அவள் பொறுப்பில் இருந்த ஒருவரும் கட்டிலிலிருந்து விழுந்ததில்லை.

அடிக்கிற கையும் அதே கைதான். கணவன் ஒருமுறை அவள்மேல் கை ஓங்கினான். அவன் காறை எலும்பு உடைந்தது. அவளே துணியால் தூளி கட்டி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு உறவென்று மிஞ்சியது அண்ணன் ஒருவன்.

அண்ணன் டீசல் மெக்கானிக். கல்யாணம் ஆகாதவன். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதைவிட அடித்துக்கொண்டது அதிகம். அவன் புருவத்தில் நாலு தையல் அவள் உபயம். அவளுடைய முன்பல் ஒன்று கட்டிய பல், அது அவன் உபயம். ஐம்பது வயது தாண்டியும் அது அடங்கவில்லை. அப்படிப்பட்ட இருவரும் சேர்ந்து ஒரு பாய்மரப் படகு வாங்கினார்கள் என்றால், ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

நாற்பத்திரண்டு வயதுப் படகு. முப்பத்துநாலு அடி. படகுப் பட்டறையின் மூலையில் புல் முளைத்துக் கிடந்தது. இயந்திரமும் அடிப்பாகமும் அண்ணன் பொறுப்பு. மரமும் பாயும் கம்பியும் அவள் பொறுப்பு. "மேல உன்னோடது, கீழ என்னோடது, நடுவுல எவனும் பேசக் கூடாது," என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்து வேலை செய்தார்கள்.

சண்டை ஒரு பின்னில் வந்தது. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் தளத்தின் ஓரத்தில் வந்து முடிகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டுவிரல் பருமனில் ஓர் ஆணி. அந்த ஆணி நழுவாமல் இருக்க, அதன் நுனித் துளையில் ஒரு ஸ்ப்ளிட் பின். பின்னின் இரண்டு காலையும் லேசாகக் கவட்டை விரித்தால் போதும். என்றைக்காவது மரம் முறிந்து கடலில் விழுந்தால், இடுக்கியால் ஓர் இழுப்பு, சுத்தியலால் ஒரு தட்டு, கம்பி கழன்றுவிட வேண்டும். இறுக்கி அப்படிச் செய்யவில்லை. இரண்டு காலையும் முழு வட்டமாக மடித்து, சுத்தியலால் நசுக்கி, மேலே டேப் சுற்றி, பெயிண்டும் அடித்துவிட்டாள். கம்பியையும் ஏழு மில்லிக்குப் பதில் பத்து மில்லியாக மாற்றினாள்.

"இதென்ன, சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சு வச்சிருக்க? அவசரத்துக்கு எப்படிடீ கழட்டுறது?"

"எதுக்குக் கழட்டணும்? கழண்டுடக் கூடாதுன்னுதானே போடுறோம்."

"எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு, லூசு."

அவன் இடுக்கியோடு குனிந்தான். அவள் சுத்தியல் காம்பால் அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். அவன் பெயிண்ட் டப்பாவை எடுத்து அவள் நெஞ்சில் வீசினான். வாத்தியார் தன் படகுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வாரம் ஆளுக்கொரு நாளாக வந்து போனார்கள். பின் மட்டும் அவள் சொன்னபடியே இருந்தது. மேலே அவளுடைய பாகம் அல்லவா?

அடுத்த கோடையில், வெளிச்சவீட்டுத் தீவுவரை போய்த் திரும்பும்போது காற்று மாறியது. காலை பத்து மணி. கரை ஐந்து மணி நேரத் தூரம். பாயைப் பாதியாகச் சுருக்கினார்கள். அலை பக்கவாட்டில் வந்து வந்து அறைந்தது. படகு ஓர் அலையின் உச்சியிலிருந்து விழுந்தபோது வலது பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. கம்பி அறவில்லை, பின் கழலவில்லை. அந்தப் பக்கத்துக் கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பட்டை தளத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நாற்பது வருஷத்துக்கு மேலான துருவில் இற்றுப்போயிருந்தது. மரம் முழங்கால் உயரத்தில் முறிந்து இடது பக்கம் சாய்ந்து கடலில் விழுந்தது.

விழுந்த மரம் போய்த்தொலையவில்லை. இடது பக்கத்தின் மூன்று கம்பிகளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வோர் அலைக்கும் முறிந்த நுனி படகின் விலாவில் முட்டியது. கடப்பாரையால் கதவை உடைப்பவன் போல நிதானமாக முட்டியது. பழைய பைபர் எத்தனை முட்டு தாங்கும்?

"கட்டர் எடு!" என்று அண்ணன் கத்தினான்.

கட்டர் படகோடு வந்த பழைய கட்டர். பழைய கம்பிக்கு வாங்கியது. பத்து மில்லிக் கம்பியைக் கடித்துப் பார்த்துப் பல் வழுக்கியது. அவர்கள் முகம் பார்த்துக்கொண்டார்கள். திட்டக்கூட நேரமில்லை. அண்ணன் ஹாக்சா பிளேடை எடுத்துப் பின்னை அறுக்கத் தொடங்கினான். முதல் பின்னுக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டாவதற்கு அதைவிட அதிகம். அதற்குள் அவள் கீழே போய்ப் பார்த்தாள். விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு வெடிப்பு. முட்டு விழும்போதெல்லாம் அது வாய் திறந்து தண்ணீரைத் துப்பியது. படுக்கை மெத்தையை அதன்மேல் அழுத்தி, பலகை வைத்து, காலால் உதைத்து முட்டுக்கொடுத்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

மேலே அண்ணன் அலறினான்.

மூன்றாவது கம்பி ஒன்றில் மட்டும் மரம் தொங்கியது. பாய் தண்ணீர் குடித்துக் கனத்து மூழ்க, கம்பியை இறுக்கும் முறுக்காணி சடாரென்று மடிந்து ஓர இரும்பின்மேல் விழுந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவனுடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள். எடை முழுக்க அதன்மேல். அலைக்கு அலை அவன் உடம்பு இழுபட்டுத் தளத்தில் மோதியது.

"எடுடீ! எதையாவது செஞ்சு எடு!"

அவள் நெம்புகோல் வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பிளேடை வாங்கி நாலு இழுப்பு இழுத்தாள். பின்னில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். கீழே மரம் இன்னொரு முறை முட்டியது. பலகை சரியும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் பின்னை அறுத்தால் விரல் வெளியே வரும். அதற்குள் படகு உள்ளே போகும். பம்ப் அடிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இங்கே மாட்டிக்கிடக்கிறான்.

விரல்களைப் பார்த்தாள். எலும்பு நொறுங்கி, தோலும் நரம்புமாக இருந்தது. இனி அவை விரல்கள் இல்லை.

தன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை உருவி அவன் முன்கையில் சுற்றி, ஒரு ஸ்பேனரைச் செருகி ரத்த ஓட்டம் நிற்க முறுக்கினாள்.

"என்ன பண்ற?"

"வாயில எதையாவது வச்சுக் கடி."

"ஏய்! வேணாம்டீ. பின்னை அறு, நான் தாங்கிக்கிறேன்."

"நீ தாங்குவ. படகு தாங்காது."

அவன் இடது கையால் அவள் முகத்தில் குத்தினான். அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துடைக்கவில்லை. முழங்காலால் அவன் நெஞ்சை அழுத்தி, கம்பியைக் கடிக்காத அந்தக் கட்டரை எடுத்தாள். விரலுக்கு அது போதும். ஒன்று, இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அழுத்து. கை விடுபட்டு அவன் தளத்தில் சாய்ந்தான்.

காயத்தில் துண்டை அழுத்திக் கட்டி, கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் கழுத்தோடு பிணைத்து, அவனை இழுத்துப் போய்ப் பம்ப் முன்னால் உட்காரவைத்தாள். "இடது கை இருக்குல்ல? அடி." அவன் அவளைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டே அடித்தான். திட்டுக்கு ஓர் அடியாகத் தண்ணீர் வெளியேறியது. அவள் மேலே போய்ப் பின்னை அறுத்தாள். தான் நசுக்கிய நசுக்கு, தான் சுற்றிய டேப், தான் அடித்த பெயிண்ட் எல்லாவற்றையும் தன் கையாலேயே அறுத்தாள். இரண்டு பிளேடு உடைந்தது. ஆணியைத் தட்டியதும் கம்பி சவுக்குப் போலச் சீறி, அவள் காதோரத் தோலைக் கிழித்துக்கொண்டு மரத்தோடு போயிற்று. முட்டு நின்றது.

தண்ணீரில் கிடந்த கயிறுகளையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே போட்ட பிறகே இயந்திரத்தை எழுப்பினாள். ஒரு கயிறு படகின் அடியிலிருக்கும் விசிறியில் சுற்றினாலும் கதை முடிந்தது. அண்ணன் பாகம், முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. ஐந்து மணி நேரம் அவன் பம்ப் அடித்தான், அவள் சுக்கான் பிடித்தாள். அரைமணிக்கு ஒருமுறை முன்கைக் கட்டைத் தளர்த்திப் பார்த்துத் திரும்பக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேரா வெட்டியிருக்கே, யார் பண்ணினது?"

"நான்தான்."

அவர் அவளுடைய உடைந்த மூக்கைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலை அண்ணனுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்தது. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் கூப்பிட்டான். குனிந்தாள். இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டான். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"விரலுக்கு இல்ல," என்றான் அண்ணன். "விரலை வெட்டினது சரிதான். பின்னுக்கு."

அவளால் திருப்பி அடிக்க முடியும். அவள் கை எழவில்லை. அதுதான் முதல் முறை.

"தப்புதான்," என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு முகம் சுளித்து நெளிந்தான்.

"ஒண்ணுக்கு வருதா?"

"ம்."

நர்ஸைப் போகச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடி, கட்டிலுக்கு அடியிலிருந்த பாத்திரத்தை எடுத்தாள்.